அலமாரிக்குள் பாடியவன்

அத்தியாயம் 11

“நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்துடு. அத்தை ரெண்டு மணிக்குத்தான் வருவாங்க.”

மருமகள் போனில் கிசுகிசுத்த இந்த இரண்டு வாக்கியங்களோடு மாமியாரைச் சமையலறை வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்தோம் அல்லவா? பாவம், அன்று இரவு அவள் தூங்கவே இல்லை. அந்த இரண்டு வாக்கியங்களையும் திருப்பித் திருப்பி மென்றுகொண்டே கிடந்தாள்.

நடுவழியில் ஏறியவர்களுக்காக இரண்டு வார்த்தை. அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஐம்பத்தாறு வயது. தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். மகன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் எட்டு மாதம் கடலில். வீட்டில் டீச்சரும் மருமகளும் மட்டும்தான். மருமகள் தன் அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இசை செய்கிறாள். விளம்பரங்களுக்குச் செய்வாள். கம்பெனிகளுக்குப் போன் போட்டால் நம்மைக் காக்க வைத்துக் காதில் ஊற்றுவார்களே, அதையும் செய்வாள். நல்ல பெண். டீச்சருக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. கெட்டவள் என்றால் சந்தேகப்படுவது சுலபம்.

மறுநாள் காலை பத்து மணி வகுப்பு ஒரு பல் டாக்டருக்கு. ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்குகிற கை, கியரைப் பிடிக்க மட்டும் நடுங்கும்.

பத்தே முக்காலுக்குப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே கார் சடாரென்று நின்றது. பின்னால் இருந்த லாரிக்காரன் ஹாரனிலேயே திட்டினான்.

“டீச்சர், நான் ஒண்ணும் பண்ணலையே?” என்றார் பல் டாக்டர்.

“தெரியும். என் கால்தான் போய் பிரேக்கை மிதிச்சிருச்சு. இன்னிக்குப் போதும் டாக்டர். உங்களை வழியில இறக்கி விடுறேன்.”

இருபது வருஷத்தில் டீச்சர் ஒரு வகுப்பையும் பாதியில் முடித்ததில்லை. மனசு ஒரு குரங்கு என்பார்கள். அன்று அது ஸ்டியரிங்கிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

* * *

வீட்டு வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ் கிடந்தது. ஆண் பூட்ஸ். பெரிய சைஸ், தடிமனான அடி.

டீச்சர் சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினாள். தன் வீட்டுக்குள் தானே திருடி மாதிரி நுழைவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நுழைந்தாள்.

மருமகளின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவள் மேசையருகே, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். காதில் பெரிய ஹெட்போன். எதிரே திரையில் பச்சைக் கோடுகள் குதித்துக்கொண்டிருந்தன. வலது கையை உயர்த்தி, விரல்களால் காற்றில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. அப்படியென்றால் பூட்ஸ்காரன் எங்கே?

மூலையில் போர்வைகள் வைக்கிற அலமாரி. அதன் கதவு நாலு விரல் அளவு திறந்திருந்தது. உள்ளே ஒரு ஒயர் போயிருந்தது. அங்கேயிருந்துதான் குரல் வந்தது.

பாட்டு என்று சொல்ல முடியாது, பேச்சு என்றும் சொல்ல முடியாது. நடக்கிற நடையில் ஒருவன் யாரிடமோ நியாயம் கேட்பதுபோல இருந்தது.

‘மதியம் மூணு மணி, மின்விசிறி சுத்துது,
மருந்து வாடை வீட்டுல மூலைமூலையா நிக்குது.
போன் ஒண்ணு அடிக்குது, ஓடிப்போய் எடுக்குறேன்,
போன உசுரை ஒரு காதுல வாங்கி நான் ஒளிக்குறேன்.’

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டாள். யாரோ பையன், என்னமோ பாடுகிறான், திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த வரி அவளைப் போக விடவில்லை.

‘“சுண்டெலி, அம்மா எங்க?” “அம்மா தூங்குறாங்க.”
“எந்திரிச்சா மெதுவாச் சொல்லு” – சொன்னது அவங்க.
சொல்லல நான், சொல்லல நான், பல்லைக் கடிச்சேன்,
சொல்லாத ஒரு சொல்லாலே ரெண்டு வீட்டை உடைச்சேன்.’

இந்த உலகத்தில் ஒரே ஒருவனைத்தான் சுண்டெலி என்று கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் போனில் பேசிய வார்த்தைகளும் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

மூன்று எட்டு. அலமாரிக் கதவை முழுசாகத் திறந்தாள்.

உள்ளே கம்பளிப் போர்வைகளுக்கு நடுவே, வியர்வையில் குளித்தபடி, மைக்குக்கு முன்னால் தாடி வைத்த இளைஞன் ஒருவன் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் வாய் அப்படியே நின்றுவிட்டது.

“பெரியம்மா…”

மருமகள் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தாள். “அத்தை! நானே சொல்லணும்னு… நீங்க நினைக்கிற மாதிரி இல்ல அத்தை!”

“நான் என்ன நினைக்கிறேன்னு எனக்கே தெரியல. என் தங்கச்சி பையனை எதுக்கும்மா அலமாரியில வச்சிருக்கே?”

“தங்கச்சி பையனா? இவன் ரிவர்ஸ் அத்தை!”

“ரிவர்ஸா? அது ஒரு பேரா? என்கிட்ட கத்துக்கிறவங்க முக்கால்வாசிப் பேருக்கு வராததே அதுதான்.”

யாரும் சிரிக்கவில்லை. மருமகள் அவனையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணமாகி வந்த மூன்று வருஷத்தில் அந்தத் தங்கையின் நிழலைக்கூட அவள் பார்த்ததில்லை. ‘அவங்க பேச்சு இங்க வேண்டாம்’ என்று கணவன் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தான்.

* * *

மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். மருமகள்தான் முதலில் பேசினாள்.

அஞ்சு வாரத்துக்கு முன்னால் பெயரில்லாத எண்ணிலிருந்து நாற்பது நொடிக் குரல் ஒன்று வந்ததாம். குளிர்பதனக் கிடங்கில் சரக்குத் தூக்குகிற வண்டி ஓட்டுகிறவன், வேலை நடுவே போனில் பதிவு செய்தது. பின்னால் வண்டி ரிவர்ஸ் எடுக்கிற ‘பீப் பீப்’ சத்தம். அந்தப் பீப்புக்கு நடுவேதான் பாடியிருந்தான்.

“பதினோரு தடவை கேட்டேன் அத்தை. இவன் மூச்சு வாங்குற இடம்கூடத் தாளத்துல விழுது. எனக்கு எத்தனையோ பேர் அனுப்பியிருக்காங்க. இப்படி ஒருத்தனைக் கேட்டதில்ல. அந்தப் பீப் சத்தத்தையே எடுத்து, இழுத்து, கீழே இறக்கி, அதையே தாளமா, பாட்டுக்கு பீட்டா வச்சேன். அனுப்பினேன். ஒரு மணி நேரத்துல அதுமேலயே பாடி அனுப்பிட்டான். அப்புறம் தினமும் இதுதான். எதிரொலி விழாம பதிவாகணும்னுதான் போர்வை அலமாரிக்குள்ள நிக்க வச்சேன்.”

பேசப் பேச அவள் முகத்தில் வெளிச்சம் ஏறியது. டீச்சர் அதைக் கவனித்தாள். காக்க வைக்கிற இசையைப் பற்றிப் பேசும்போது அந்த முகம் ஒருநாளும் இப்படி இருந்ததில்லை.

“என்கிட்ட ஏன் மறைச்சே?”

“போன வருஷம் ஒரு பாட்டைப் போட்டேன். ‘இது பாட்டா? யாரோ வாடகை வீட்டுல சண்டை போடுற மாதிரி இருக்கு’ன்னீங்க.”

டீச்சருக்குச் சுருக்கென்றது. சொல்லியிருப்பாள். சொல்லக்கூடியவள்தான்.

மருமகள் அவன் பக்கம் திரும்பினாள். “ஆனா இது யார் வீடுன்னு உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல? அப்போ என் பீட்டுக்காக நீ வரல.”

அவன் மேசையைப் பார்த்தபடி சொன்னான். “முதல் தடவை அனுப்பினது வீட்டுக்காகத்தான் அண்ணி. வாசல் வழியா வரத் தைரியம் இல்ல. ஏதாவது ஜன்னல் திறக்குமான்னு பாத்தேன். ரெண்டாவது தடவை அனுப்பினது பீட்டுக்காக. சத்தியமா. அந்தப் பீட்டைக் கேட்டதுக்கு அப்புறம்தான் இதை முழுசா எழுத முடிஞ்சுது.”

‘அண்ணி’ என்ற அந்த ஒரு சொல்லில் மருமகளின் கோபம் பாதி இறங்கிவிட்டது.

“எதை முழுசா?” என்றாள். “பாட்டுல வர்ற போன் என்ன போன்? கதைன்னு இல்ல நினைச்சேன்!”

அவன் பெரியம்மாவைப் பார்த்தான். பெரியம்மாவே சொன்னாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், சகோதரிகள் இருவரின் தாய் டீச்சரின் வீட்டில் ஒரு மதியம் கண் மூடினாள். தங்கை அப்போதுதான் வயிற்றில் பெரிய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருந்தாள். அவள் கணவர் வெளியூரில். டீச்சர் போன் போட்டாள். பதினைந்து வயதுப் பையன் எடுத்தான். அம்மா தூங்குகிறாள் என்றான். எழுந்ததும் மெதுவாகச் சொல்லு, எத்தனை நேரமானாலும் காத்திருக்கிறோம் என்றாள் டீச்சர். பையன் சொல்லவில்லை. தையல் பிரிந்து அம்மாவும் போய்விடுவாளோ என்று பயந்தான். டீச்சர் மறுபடி மறுபடி போட்ட போனையும் எடுக்கவில்லை. மறுநாள் மதியம் வரை காத்திருந்துவிட்டு உடலை எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தங்கைக்குத் தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

‘எனக்கு ஒரு போன் போட உனக்கு விரல் இல்லையா?’

அவள் முதுகுக்குப் பின்னால் பையன் நின்றிருந்தான். அவன் கண் டீச்சரைக் கெஞ்சியது.

டீச்சர் சொன்னது ஒரே வார்த்தை. ‘தோணல.’

அதோடு சரி. ஆறு வருஷம்.

மருமகள் வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “அத்தை, இதை இன்னிக்கு மூணு மணிக்குள்ள அனுப்பணும். புதுக் குரல்களுக்குன்னு ரேடியோல ஒரு நிகழ்ச்சி. பத்துப் பாட்டு எடுப்பாங்க. இதை எடுப்பாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். அனுப்பட்டுமா?”

“அவங்க அம்மா கேட்டாச்சா?”

பையன் தலையைக் குனிந்தான். “ரேடியோல வந்தா தானா கேப்பாங்கன்னு…”

“வண்டியை நேரா எடுத்தா இடிக்கும்னு ரிவர்ஸ்லயே ஊரைச் சுத்தப் பாக்குறியா?” டீச்சர் எழுந்தாள். “ஊர் கேக்குறதுக்கு முன்னாடி பெத்தவ கேக்கணும். ரெண்டு பேரும் கிளம்புங்க.”

* * *

டிரைவிங் ஸ்கூல் காரில் அவனையே ஓட்டச் சொன்னாள். மருமகள் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

ஒன்றரை மணி நேரப் பயணம். பாலம் தாண்டி, மரக்கடைகள் தாண்டி, தங்கையின் தெரு நெருங்க நெருங்கக் கார் நடக்க ஆரம்பித்தது.

“திரும்பிடலாம் பெரியம்மா. நாளைக்குச் சொல்றேன்.”

“என் பக்கம் பிரேக் மட்டும்தான்டா இருக்கு. ஸ்டியரிங் உன் கையில. திருப்புறதுன்னா நீதான் திருப்பணும்.”

அவன் உதட்டைக் கடித்தான். திருப்பவில்லை.

தங்கையின் கடை ஒரு ஆள் அகலம். பேன்ட்டைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, கிழிந்ததைத் தைப்பது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“நீங்க உள்ள வர வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு அவன் மட்டும் படியேறினான். மருமகள் லேப்டாப்பை நீட்டினாள். “பீட் போடட்டுமா?” அவன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

டீச்சர் கதவோரமாக, தொங்கவிட்ட கோட்டுகளுக்குப் பின்னால் நின்றாள். உள்ளே சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அதில் தங்கையின் தோளும் கையும் தெரிந்தன. மெலிந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி போட ஆரம்பித்திருந்தாள். தன் தங்கை கண்ணாடி போட்டதுகூட டீச்சருக்குத் தெரியாமல் போயிருந்தது.

“என்னடா, இந்த நேரத்துல? வேலை இல்லையா?”

“லீவு போட்டேன்மா. ஒண்ணு பாடிக் காட்டணும்.”

“பாத்ரூம்ல முணுமுணுப்பியே, அதுவா? பாடு, பாடு. காது சும்மாதான் இருக்கு.” கை துணியைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

அவன் ஆரம்பித்தான். குரல் முதலில் தடுமாறியது. பிறகு மெஷினின் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டது. மதியம் மூன்று மணி, மின்விசிறி, மருந்து வாடை. ‘போன உசுரை’ என்ற இடத்தில் மெஷின் நின்றது. அவன் நிறுத்தவில்லை. தாளமில்லாமலே, கண்ணை மூடிக்கொண்டு, அலமாரியில் பாடாமல் விட்ட இரண்டாவது பகுதிக்குப் போனான்.

‘வாசல்ல நின்னு கேட்டே நீ, “விரல் இல்லையா உனக்கு?”
வாயைத் திறந்தா நான் மாட்டுவேன், தெரியும் அது அவங்களுக்கு.
“தோணல”ன்னு ஒத்தை வார்த்தை, அதுல என்னை மூடினாங்க,
துணியில்லாத குளிருக்கு அவங்க தோலை எடுத்துப் போத்தினாங்க.’

அதற்கு மேல் நாலு வரி இருந்திருக்க வேண்டும். குரல் வரவில்லை. “அவ்வளவுதான்மா,” என்றான்.

டீச்சருக்குத் தன் நெஞ்சடிப்பு அடுத்த கடைக்குக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. பக்கத்தில் மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோட்டுக்குப் பின்னாடி எவ்வளவு நேரம் நிப்பே?”

டீச்சர் நிமிர்ந்தாள். கண்ணாடியில் தங்கையின் கண் நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“உள்ள வாக்கா.”

அக்கா. ஆறு வருஷத்துக்குப் பிறகு. டீச்சர் படியேறினாள். ஊருக்கெல்லாம் வண்டியை நிதானமாக எடுக்கக் கற்றுக்கொடுப்பவளுக்கு இரண்டு படி ஏறுவதற்குள் கால் தடுக்கியது.

“தோணலன்னு ஏன்க்கா சொன்னே?” தங்கையின் கன்னம் நனைந்திருந்தது. “எவ்வளவு திட்டினேன் உன்னை! ஒரு தடவையாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?”

“பதினஞ்சு வயசுப் பையன். அவன் மேல உனக்குக் கோபம் வந்தா, ஒரே வீட்டுல ரெண்டு பேரும் எப்படி இருப்பீங்க? என் மேல வந்தா தள்ளி இருந்துக்கலாம். கணக்கு அவ்வளவுதான்.”

“நல்லா போட்ட கணக்கு,” என்றாள் தங்கை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. மகனை இழுத்து அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அப்படியே அவன் முடிக்குள் விட்டுக்கொண்டாள். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவ்வளவு பெரிய தாடிக்காரன் அழுவதைப் பார்த்து, ஜிப் மாற்ற வந்த ஒருவர் பையோடு வந்த வழியே திரும்பிப் போனார்.

மருமகள் வாசலிலேயே நின்றிருந்தாள். தங்கை அவளைப் பார்த்தாள்.

“நீதான் மருமகளா? கல்யாணத்துக்கு வராத சித்தியைத் திட்டியிருப்பே.”

“இல்ல சித்தி. நீங்க ஒருத்தர் இருக்கீங்கன்னே இன்னிக்குத்தான் முழுசாத் தெரியும்.”

“இவனுக்கு இசை போட்டது நீயா?”

“சித்தி, நான் போட்டது கொஞ்சம்தான். இவன்கிட்ட இருந்ததே நிறைய.” சொல்லிவிட்டுத் தயங்கினாள். “மூணு மணிக்குள்ள ஒரு இடத்துக்கு அனுப்பணும். இப்ப ரெண்டரை. நீங்க சரின்னு சொன்னா இங்கேயிருந்தே அனுப்பிடலாம். வேண்டாம்னா இப்பவே அழிச்சுடுறேன்.”

அழிச்சுடுறேன் என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்ததை டீச்சர் கேட்டாள். அஞ்சு வாரம் அந்த மூடிய அறையில் அவள் வளர்த்தது அது.

“நல்லா இருக்கும்மா,” என்றாள் டீச்சர். சொல்லத் தெரியாமல் சொன்னாள். “நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. இது பாட்டுதான்.”

மருமகள் அத்தையைப் பார்த்தாள். கண் பளபளத்தது. அந்த ஒரு வரிக்காக ரேடியோவையே விட்டுவிடலாம் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

தங்கை கண்ணாடியைக் கழற்றி தைத்துக்கொண்டிருந்த துணியிலேயே துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“அழிக்கவும் வேண்டாம், இன்னிக்கு அனுப்பவும் வேண்டாம். பாட்டுல ஒரு இடம் தப்பா இருக்கு. அதைச் சரி பண்ணிட்டு அனுப்புங்க.”

“எந்த இடம்மா?” என்றான் மகன், முகத்தைத் துடைத்துக்கொண்டே. “அண்ணியும் நானும் ஒவ்வொரு வார்த்தையா பாத்தோமே.”

“‘அம்மா தூங்குறாங்க’ன்னு பாடினியே.”

மருமகள் லேப்டாப்பைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றாள். தங்கை யாரையும் பார்க்கவில்லை. எழுந்து போய்க் கடைக் கதவைப் பாதி சாத்தினாள். மூலையில் கிடந்த முக்காலியைக் காலாலேயே அக்காவின் பக்கம் தள்ளினாள். பிறகு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் கோபம் இல்லை.

“உக்காருக்கா. அன்னிக்கு நான் தூங்கல.”